மென்பொருளாக்கத்தில் எளிமை: ஓர் அறவியல் நோக்கு

எளிமை என்பது துறவிக்கும் கவிஞனுக்கும் உரிய பண்பாகவே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்துள்ளது. பொறியியலாளனின் தொழிலில் அது சிக்கனமும் வசதியும் பற்றிய செய்தியே. அறத்தோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை என்பதே பொதுவான எண்ணமாகும். கணனிக்குரிய மென்பொருளை ஆக்கும் தொழிலை முன்வைத்து இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்த்தல் பயனுடையது. இன்று மருத்துவமனையும் வங்கியும் விமானமும் மின்வழங்கலும் மென்பொருளை நம்பியே இயங்குகின்றன. ஆயின் அதனை நம்பி வாழ்வோர் அதன் உள்ளமைப்பை ஒருபோதும் காண்பதில்லை. காணாதவர் பொருட்டுச் செய்யப்படும் தொழில் எதுவாயினும் அங்கே அறப்பிரச்சினை ஒன்று உண்டு.

1968 ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு கூடிற்று. மென்பொருட் பணிகள் காலந் தாழ்த்தி முடிவதும், செலவு மிகுவதும், முடிந்தபின் பிழைபடுவதும் அங்கு விரிவாக ஆராயப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ். 360 என்னும் பெரும் பணியை 1960களில் நெறிப்படுத்திய பிரடெரிக் புறூக்ஸ், 1986 இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விடர்களுக்கு மெய்யியல் விளக்கம் தர முயன்றார். அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி அவர் சிக்கலை இரண்டாக வகுத்தார். எடுத்துக்கொண்ட பொருளின் இயல்பிலேயே உள்ள சிக்கல் ஒன்று. நாம் கையாளும் கருவிகளாலும் முறைகளாலும் வந்துசேரும் சிக்கல் மற்றொன்று. முன்னையதை நீக்கினால் பொருளே சிதையும். பின்னையது நீக்கத்தக்கது.

இப்பாகுபாடு செய்நிரலுக்கு மட்டுமன்றி அதனை ஆக்கும் நடைமுறைக்கும் பொருந்தும். சிறு மாற்றம் ஒன்றைச் செய்ய ஐவர் ஒப்பமிடவேண்டும் என்னும் விதியை எண்ணிப் பார்க்கலாம். முதலாமவர் ஏனைய நால்வர் பார்ப்பர் என நம்பி ஒப்பமிடுகின்றார். ஐந்தாமவர் நால்வர் பார்த்துவிட்டனர் என நம்பி ஒப்பமிடுகின்றார். ஒப்பங்கள் பெருகப் பெருகப் பொறுப்பு மெலிகின்றது. தவறு நேர்ந்தவிடத்து விதிப்படியே யாவும் நடந்தன என ஒவ்வொருவரும் கூற இயலும். நடைமுறைக் குவியல் காலத்தை வீணாக்குவதோடு நில்லாது, மனச்சாட்சிக்கு ஒரு மறைவிடத்தையும் அமைத்துத் தருகின்றது. 2001 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கை இத்தகைய சுமைக்கு எதிராக எழுந்ததே. அதனோடு இணைந்த 12 கொள்கைகளுள் எளிமையும் ஒன்றாயிற்று. எனினும், அவ்வியக்கத்தின் பெயராலேயே பின்னர் நாளாந்தக் கூட்டங்களும் சடங்குகளும் பல இடங்களிற் பெருகின என்பது நகைமுரணே.

குவியல் ஏன் வளர்கின்றது? கூட்டுபவன் செய்தது கண்ணுக்குப் புலனாகும். அதற்குப் பாராட்டு உண்டு. நீக்குபவன் செய்தது புலனாவதில்லை. பின்னர் ஏதேனும் பழுதுபட்டால் பழி மட்டும் அவனைச் சேரும். ஆகவே இருப்பதை இருந்தபடியே விடுதல் பாதுகாப்பானதாகத் தோன்றுகின்றது. அத்தோற்றம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு ஏரியான் 5 விண்கலத்தின் கதை சான்றாகும்.

1996 யூன் 4 ஆம் நாள் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஏரியான் 5 இன் முதற் கலம், ஏறத்தாழ 40 வினாடிகளில் வழிதவறிச் சிதறியது. நான்கு விஞ்ஞானச் செய்மதிகள் அதனோடு அழிந்தன. அதன் திசைகாட்டும் அமைப்பிலிருந்த செய்நிரல் ஏரியான் 4 இலிருந்து எடுக்கப்பட்டதாகும். ஏவுமுன் கருவிகளை ஒழுங்குசெய்யும் பகுதியொன்று, எழுந்த பின்னரும் சிறிது நேரம் இயங்குமாறு அதில் அமைந்திருந்தது. முன்னைய கலங்களில் ஏவுகணிப்பு இடையில் நின்றால் விரைந்து மீளத் தொடங்குவதற்கு அது உதவியது. ஏரியான் 5 எழுந்த பின்னர் அதனால் எப்பயனும் இல்லை. ஆயினும் நன்கு இயங்கிய செய்நிரலில் கைவைக்கலாகாது என்னும் கருத்தால் அது விடப்பட்டது. புதிய கலத்தின் வேகத்தால் எழுந்த பேரெண் ஒன்று 16 பிற் இடத்துள் அடங்கவில்லை. முதன்மைக் கணனியும் அதே செய்நிரலை ஏந்திய துணைக்கணனியும் ஒருங்கே செயலிழந்தன. தேவையற்ற ஒரு பகுதியே தேவையான அனைத்தையும் அழித்தது.

இதனால், நீக்குதலே நன்று எனத் துணிந்துவிடலாமா? அவ்வாறு துணிதல் தவறு. கனடாவில் ஆக்கப்பட்ட தெராக் 25 என்னும் கதிர்ச் சிகிச்சைப் பொறியின் வரலாறு எதிர்த்திசையில் நின்று எச்சரிக்கின்றது. அதற்கு முந்திய தெராக் 20 இல், கதிர் மிகுந்து பாயாதவாறு தடுக்கும் பொறிமுறைத் தடுப்புகள் தனியாக இருந்தன. செய்நிரலே அக்காவலைச் செய்யும் என்ற நம்பிக்கையால் புதிய பொறியில் அவை கைவிடப்பட்டன. 1985 யூன் முதல் 1987 சனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்களுட் சிலர் உயிரிழந்தனர். நிகழ்ச்சிகள் சிலவற்றுக்குக் காரணமான பிழை பழைய பொறியின் செய்நிரலிலும் இருந்ததென்பது பின்னர் புலனாயிற்று. அங்கே தடுப்புகள் அதனை ஊறின்றி அடக்கி வைத்திருந்தன. மிகையெனக் கருதி அகற்றப்பட்டதே உயிர்காத்து வந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், உண்மையில் ஒரே குறையையே சுட்டுகின்றன. ஓரிடத்தில் ஒரு பகுதி ஏன் இருக்கின்றது என வினவாது அதனை வைத்துக்கொண்டனர். மற்றோரிடத்தில் ஒரு தடுப்பு எதைத் தடுத்து நிற்கின்றது என முற்றும் அறியாது அதனை விலக்கினர். வைத்தலும் நீக்கலும் தம்மளவில் அறமுமல்ல, மறமுமல்ல. ஒவ்வோர் உறுப்பும் யார் பொருட்டு, எந்நோக்கத்துக்காக நிற்கின்றது என்பதை அறிந்திருத்தலே அறம். எண்ணிக்கையிற் சிறுத்தலை மட்டும் எளிமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் காரணங் கூறவல்ல நிலையே எளிமை எனப்படத் தக்கது.

காரணங்களைப் பதிவுசெய்வதும் மற்றொரு குவியலாகாதோ என ஒருவர் வினவலாம். யாரும் வாசிக்காத ஏடுகளைப் பெருக்குதல் குவியலே. ஆனால், ஒரு பகுதியின் அருகே அது ஏன் உள்ளது, எப்போது நீக்கப்படலாம் என எழுதப்படும் ஈரடிக் குறிப்பு, பின்வருவோனுக்குத் துணிவோடு நீக்கும் உரிமையையும் அஞ்சி நிறுத்தும் அறிவையும் ஒருங்கே அளிக்கின்றது.

இறுதியில் இது நீதி பற்றிய வினாவாகவே முடிகின்றது. சிக்கல் ஒருபோதும் தானே மறைவதில்லை. ஒருவர் சுமக்க மறுப்பதை இன்னொருவர் சுமக்க நேர்கின்றது. ஆக்குவோன் இன்று சிந்திக்கச் சோம்பிய ஒரு மணிநேரம், நாளை பராமரிப்போனுக்குப் பல நாள்களாகவும், பொறியின் கீழ் நம்பிக் கிடக்கும் நோயாளிக்கு உயிராபத்தாகவும் மாறக்கூடும். அந்நோயாளி கூட்டத்தில் இருப்பதில்லை. ஒப்பமிடுவோர் வரிசையிலும் அவருக்கு இடமில்லை. அவர் சார்பில் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு விதியையும் நோக்கி, நீ யாருக்காக இருக்கிறாய் எனக் கேட்கும் கடமை ஆக்குவோனையே சார்ந்தது. அக்கடமையைச் செவ்வனே ஆற்றிய தொழிலில் எளிமை தானே வந்து பொருந்தும்.