சர்க்கரை இறங்கியவனின் கை

வியர்த்துக் கொட்டி, நாக்குழறி, பிடிக்க வந்தவர்களை அடிக்கப் பாய்கிற ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தால் பலரும் குடியைத்தான் நினைப்பார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 35 என்று காட்டலாம். நரம்பில் குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில் அதே மனிதர், 'என்ன ஆச்சு?' என்று சாதுவாகக் கேட்பார். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது; கைவசம் சேமிப்பு என்று அதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. சர்க்கரை 54க்குக் கீழே போனால் நிதானம் தடுமாறத் தொடங்கும். உயிரின் குணம் என்று சமயங்கள் போற்றும் பொறுமை, அப்படியானால் வெறும் குளுக்கோஸ்தானா?

ஆம், ஆகவே உயிர் என்று ஒன்று இல்லை என முடித்துவிடுவது அவசரம். சைவ சித்தாந்தத்தின்படி உயிர் அறிவுடையது. ஆனால் உடலும் கருவிகளும் கூடாமல் அது எதையும் அறியாது, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே நிற்கும். மாயை தந்த உடலை இருட்டில் ஏற்றிய விளக்கு என்பார்கள். எண்ணெய் வற்றினால் பார்ப்பவன் இல்லாமல் போவதில்லை, அவனுக்குக் கண் தெரிவதில்லை. (ரத்தப் பரிசோதனை சித்தாந்தத்தை நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, பொய்யாக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

எல்லாம் ரசாயனம் என்றால் குற்றம் என்று எதைச் சொல்வது என்ற மறுப்பு இதைவிடக் கடினமானது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதில் திண்டாடியிருக்கின்றன. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டு, சரியாகச் சாப்பிடாமல், மதுவும் குடித்த ஆண் செவிலியர் ஒருவர், சர்க்கரை இறங்கிய நிலையில், மனநல மருத்துவமனையில் நோயாளியை அடித்தார். இன்சுலின் வெளியிலிருந்து வந்த காரணம் என்று 1973இல் தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. 1989இல், சில நாள் இன்சுலின் போடாமல் சர்க்கரை ஏறிய நிலையில் பிறர் காரை எடுத்து ஓட்டியவருக்கோ, காரணம் உள்ளிருக்கும் நோய், எனவே சட்டத்தின் கண்ணில் அது பைத்தியம் என்றார்கள். ஒரே நோய், ஊசி போட்டால் ஒரு நியாயம், போடாவிட்டால் வேறொன்று! காரணம் உள்ளேயா வெளியேயா என்று தேடியதன் கோளாறு இது. உருப்படியான வழியை 1973 தீர்ப்பே காட்டியிருந்தது: இன்சுலின் போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாததால் இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்திருக்கக்கூடியவருக்கு விலக்கில்லை. அறிவு தெளிவாக இருந்த வேளையில் செய்ததற்குத்தான் ஒருவர் பொறுப்பு. தட்டை ஒதுக்கிய கை அவருடையது. நோய் இருப்பதே தெரியாதவரிடமும், பல ஆண்டு நோயில் எச்சரிக்கும் படபடப்பே மரத்துப்போனவரிடமும் 'ஏன் சாப்பிடவில்லை?' என்ற கேள்வியைக்கூடக் கேட்க முடியாது.