பழுது பார்ப்பவரின் தர்மம்

இரு உள்ளங்கைகளில் அடங்கிவிடக்கூடிய ஒரு பொம்மை எஞ்சின். பித்தளையாலான சிறு கொதிகலன், அதனடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் விரல் பருமனுள்ள சிலிண்டர், அதனோடு இணைந்து சுழலும் ஒரு சக்கரம். இவ்வளவுதான் அதன் உடல். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1937-இல் தொடங்கிய ‘மாமோட்’ நிறுவனமும், அதற்கு முன்பே ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் பிங் நிறுவனமும் இத்தகைய எஞ்சின்களை ஏராளமாகச் செய்தன. ரயிலையும் ஆலையையும் கப்பலையும் ஓட்டிய நீராவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சிறுவர்கள் தங்கள் வீட்டு மேசையிலேயே கண்டறிந்தார்கள். பிறந்தநாள் பரிசாக வந்த எஞ்சின், சிறுவன் வளர்ந்ததும் பரணுக்குச் சென்றது.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் அந்தப் பெட்டி திறக்கப்படுகிறது. திறப்பவர் நரைத்த தலையோடு அந்தச் சிறுவனாகவே இருக்கலாம்; அவனுடைய மகனாகவும் இருக்கலாம். பித்தளை கறுத்திருக்கிறது. பழைய எண்ணெய் பிசினாக இறுகிவிட, சிலிண்டர் அசைய மறுக்கிறது. தகரத் தளத்தில் பூசிய வண்ணம் ஓரிடத்தில் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. என்றோ ஒருநாள் சிந்திய ஸ்பிரிட் அங்கே பற்றியெரிந்திருக்க வேண்டும். இதை மறுபடியும் ஓடவைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுகிறது.

எண்ணம் எளியது. ஆனால் திருப்புளியைக் கையில் எடுத்த மறுகணமே அது கேள்வியாக மாறிவிடுகிறது. எதை மாற்றுவது? எதை விட்டுவைப்பது? எல்லாம் முடிந்தபின் மேசைமேல் நிற்பது தந்தை வாங்கித் தந்த எஞ்சினா, அல்லது அதன் பெயரைச் சுமக்கும் புதிய பாகங்களின் கூட்டமா?

தத்துவ உலகில் இது மிகப் பழைய கேள்வி. கிரேக்க வம்சத்து அரசனான மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடலை மிலிந்த பன்ஹா என்ற பாலி நூல் விவரிக்கிறது. அரசன் தேரில் வந்ததாகச் சொல்ல, அந்தத் தேர் எது என்று துறவி வினவுகிறார். அச்சா, சக்கரமா, நுகமா? ஒவ்வொன்றையும் அரசன் மறுக்கிறான். இறுதியில், இவை யாவும் உரிய முறையில் சேர்ந்திருக்கும்போது வழங்கும் பெயரே தேர் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். கிரேக்க உலகில் இதே கேள்வி தீசியஸின் கப்பலைப் பற்றி எழுந்தது. ஏதென்ஸ் மக்கள் அக்கப்பலில் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாதுகாத்து வந்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதை மேலும் சிக்கலாக்கினார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மீண்டும் ஒரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஹாப்ஸ் கற்பனையில் கண்டது, பழைய பொம்மை எஞ்சின்களைச் சேகரிப்பவர்களிடையே சாதாரணமாக நடக்கிறது. உடைந்த எஞ்சின்கள் இரண்டைச் சேர்த்து ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்றிலிருந்து கழற்றிய பழைய விளக்கு இன்னொன்றின் அடியில் போய் அமர்கிறது.

நாகசேனரின் விடை, பெயரைப் பற்றிய மயக்கத்தைத் தீர்க்கிறது. ஆனால் திருப்புளியோடு அமர்ந்திருப்பவருக்கு அது போதாது. ‘இது எது’ என்பதை ஒருவாறு ஒதுக்கிவைத்தாலும், ‘நான் இதற்கு என்ன செய்யலாம்’ என்பது அவர் முன்னே அப்படியே நிற்கிறது. இங்கே தத்துவம் தர்மமாக மாறுகிறது.

இக்கேள்விக்கு மிகக் கடுமையான விடை சொன்னவர் ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது என்பதே பொய், அதுவே கட்டடத்துக்கு நேரும் மிகப் பெரிய அழிவு என்ற கருத்தை 1849-இல் வெளியான தமது நூலில் அவர் முன்வைத்தார். அந்தக் கட்டடத்தைச் செதுக்கிய கைகளும் அக்கைகளை இயக்கிய உள்ளமும் போய்விட்டன. அவற்றை எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே அன்றாடம் பேணுங்கள், புதுப்பிக்கவே தேவையிராது என்றார். அவர் வழியைப் பின்பற்றிய வில்லியம் மாரிஸ், பழங்கட்டடங்களைக் காப்பதற்காக 1877-இல் ஒரு சங்கத்தையே நிறுவினார். பிரான்சின் வியோலே-லெ-துக் இதற்கு நேர்மாறானவர். ஒரு கட்டடத்தை முழுமையாக்குவதே புதுப்பித்தல். அந்த முழுமை கடந்த காலத்தில் என்றும் இருந்திராவிட்டாலும் குற்றமில்லை என்பது அவர் கொள்கை.

ரஸ்கின் சொல்வதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆயினும் எஞ்சினுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது. சுவருக்கு நிற்பதே தொழில். இடிந்த சுவர்கூட ஓரளவுக்குச் சுவராகவே இருக்கிறது. எஞ்சினின் தொழில் ஓடுவது. ஓடாத எஞ்சினில் அதைச் செய்தவனின் கைத்திறன் தெரியும். அவன் எதற்காகச் செய்தானோ அது தெரியாது.

நம் நாட்டிலேயே இதற்கொரு பெரிய உதாரணம் உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு இந்தியாவுக்கு வந்த ‘ஃபேரி க்வீன்’ எஞ்சின், டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக நின்றது. 1997-இல் பெரம்பூர்ப் பணிமனையில் அது செப்பனிடப்பட்டு, டெல்லியிலிருந்து ஆல்வார் வரை மீண்டும் ஓடியது. கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றின் ஓசையையும் வெப்பத்தையும் புகையையும் மக்கள் அறிந்தார்கள். ஓடும் எஞ்சின் தேயும், தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். அந்த விலையைக் கொடுத்துத்தான் அதை ஓட்ட முடியும்.

சரி, ஓடவைப்பது என்று முடிவாகிவிட்டது. முதலில் கைவைக்க வேண்டிய இடம் கொதிகலன். பொம்மை என்ற சொல் இங்கே மனிதரை ஏமாற்றிவிடும். கொதிகலனுக்குள் ஒரு பங்கு நீர் ஆவியாகும்போது, சாதாரண அழுத்தத்தில் அது ஏறத்தாழ 1,600 பங்கு இடத்தைக் கேட்கிறது. அந்த இடம் மறுக்கப்படுவதால்தான் அழுத்தம் பிறக்கிறது, சக்கரம் சுழல்கிறது. ஒரு சிறு பாதுகாப்பு வால்வு மட்டுமே அந்த அழுத்தத்தை எல்லைக்குள் நிறுத்துகிறது. அதிலுள்ள சுருள்வில் ஐம்பது ஆண்டுகளில் துருப்பிடித்து, சுண்ணாம்புப் படிவில் இறுகிப் போயிருக்கலாம். பார்ப்பதற்கு அழகான, அசலான வால்வு. ஆனால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது.

பித்தளையின் நிறத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். நாளடைவில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேற, அந்த இடத்தில் இளஞ்சிவப்பான திட்டுகள் தோன்றும். காண்பதற்கு அது ஓர் அழகிய பழமையின் சாயல்போல் இருக்கும். உண்மையில் அங்கே எஞ்சியிருப்பது பலமற்ற, நுண்துளைகள் நிறைந்த செம்பு.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் நெருப்பு மூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்கிறார்கள். கொதிகலனில் காற்றே இல்லாதபடி குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பினால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ ஏற்றுவார்கள். நீர் அமுங்காத பொருள். கலன் பலவீனமாக இருந்தால் நீர் கசியும், வெடித்துச் சிதறாது. இந்தச் சோதனையில் தோற்ற கொதிகலனை, அது தாத்தாவின் கைபட்டது என்பதற்காக யாரும் அடுப்பேற்றக் கூடாது. அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றலாம். வால்வையோ தயக்கமின்றி மாற்றிவிட வேண்டும். சில பழைய எஞ்சின்களில் திரியாகவும் அடைப்பாகவும் கல்நார் வைத்திருப்பார்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதற்கும் பழமையின் பேரால் சலுகை கிடையாது. எஞ்சின் ஓடும்போது மேசையோரத்தில் முகத்தைத் தாழ்த்தி உற்றுப் பார்க்கப்போவது ஒரு குழந்தை. அந்த முகத்துக்கு முன்னால், அசல் என்ற பெருமை மிகச் சிறியது.

அடுத்து சிலிண்டர். இவ்வகை எளிய எஞ்சின்களில் சிலிண்டரே ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடும். ஆடும்போது அதன் முகத்திலுள்ள துளை ஒருமுறை நீராவி வரும் வழியோடும், மறுமுறை வெளியேறும் வழியோடும் பொருந்தும். தனி வால்வு கிடையாது. இரு தட்டையான முகங்கள் ஒன்றோடொன்று படிந்திருப்பதே எல்லாம். அம்முகங்களில் கீறல் விழுந்தால் நீராவி கசிந்து, எஞ்சின் சோர்ந்துவிடும். கண்ணாடித் துண்டின்மேல் மிக நுண்ணிய உப்புத்தாளைப் பரப்பி, எண்ணெயிட்டு, அதன்மேல் சிலிண்டர் முகத்தை எட்டு வடிவில் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். தேய்த்தெடுத்த உலோகம் திரும்பி வராது. பத்துச் சுற்றுத் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். போதுமென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இங்கே கைத்திறன் என்பதில் பெரும்பகுதி, நிறுத்தத் தெரிவதுதான்.

உண்மையான சோதனை இதற்குப் பிறகு வருகிறது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பழையதாகத் தெரிகிறது. தளத்தில் அந்தப் பொரிந்த வண்ணம் உறுத்துகிறது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புது வண்ணம் பூசினால், கடையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும் என்று மனம் சொல்கிறது. பித்தளையைப் பொன்போல் மின்னத் தேய்க்கலாம் என்றும் சொல்கிறது. கொதிகலன் விஷயத்தில் மாற்றத் தயங்கிய அதே மனம், இங்கே மாற்றத் துடிப்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே தயக்கத்துக்குக் காரணம் பற்று. இங்கே துடிப்புக்குக் காரணமும் பற்றுதான். முதலாவது பொருளின்மேல் உள்ளது. இரண்டாவது, ‘நான் செய்து முடித்தேன்’ என்று பிறர் வியப்பதன்மேல் உள்ளது.

துரு வேறு, தழும்பு வேறு. துரு இன்னும் உயிரோடிருந்து தகரத்தைத் தின்றுகொண்டிருப்பது. அதைத் துடைத்து, எண்ணெயோ மெழுகோ பூசித் தடுக்கத்தான் வேண்டும். தழும்பு முடிந்துபோன ஒன்று. ஸ்பிரிட் சிந்திப் பற்றியெரிந்த அந்த மாலையில், தந்தை ஓடிவந்து ஈரத்துணியை வீசியிருக்கலாம். சிறுவன் திட்டும் வாங்கியிருக்கலாம். வண்ணம் பொரிந்த இடம் அந்த நிகழ்ச்சியின் ஒரே சாட்சி. பித்தளையோ, ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் சிறிது தேய்கிறது. அளவுமீறித் தேய்த்தால், செய்தவர் பொறித்த முத்திரையும் மழுங்கிவிடும்.

வண்ணம் பூசுவதே பாவம் என்று இதனால் சொல்லிவிட முடியாது. முற்றிலும் துருவேறிச் சிதைந்த எஞ்சினுக்குப் புது வண்ணம் அவசியமாகலாம். ஒரு குழந்தையின் கண்ணைக் கவரும் பளபளப்போடுதான் அதைச் செய்தவர் அனுப்பினார் என்பதும் உண்மையே. பூசியதை மறைக்கும்போதுதான் ரஸ்கின் சொன்ன பொய் உள்ளே நுழைகிறது. புது வண்ணத்தின்மேல் செயற்கையாக அழுக்கேற்றி, புது வால்வை அமிலத்தில் கறுக்கவைத்து, யாவும் அசல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பாகங்கள் மாறாமலிருக்கும் எஞ்சினுக்குச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவார்கள் என்பதால் வரும் ஆசை இது. அதே கை, அதே திறமை, அதே பொறுமை. ஆயினும் செயல் திருட்டாகிவிடுகிறது. வாங்கியவர் அந்தக் கொதிகலன் சோதிக்கப்பட்டது என நம்பி நெருப்பு மூட்டினால், பணத்தைவிடப் பெரியதையும் இழக்க நேரிடலாம்.

இதற்கு மாற்று மிக எளியது: ஒரு துண்டுக் காகிதம். வால்வு புதியது, அடைப்பு வளையங்கள் புதியவை, சிலிண்டர் முகம் தேய்த்துச் சமப்படுத்தப்பட்டது, கொதிகலன் பழையது, குளிர்நீர்ச் சோதனை செய்த நாள் இது, தளத்தின் வண்ணம் தொடப்படவில்லை. கழற்றிய பழைய வால்வை ஒரு சிறு உறையிலிட்டு, காகிதத்தோடு எஞ்சின் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். நாகசேனரின் தேரைப்போல இதுவும் பாகங்களின் சேர்க்கைதான். எந்தப் பாகம் எப்போது சேர்ந்தது என்பதை அடுத்துத் திறப்பவர் அறிந்துகொள்வார்.

காகிதம் எழுதி முடிந்தது. கொதிகலனில் முக்கால் பங்கு மழைநீர் ஊற்றப்படுகிறது. அதில் சுண்ணாம்பு படியாது. சிலிண்டருக்கு ஒரு துளி எண்ணெய். ஸ்பிரிட் விளக்கு ஏற்றப்படுகிறது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதால், பேத்தியைத் தள்ளி நிற்கச் சொல்கிறார் பெரியவர். சில நிமிடங்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு உள்ளே மெல்லிய முணுமுணுப்பு. விரலால் சக்கரத்தைச் சற்றே தள்ளுகிறார். சிலிண்டர் வெந்நீரைத் துப்பிவிட்டு நின்றுவிடுகிறது. மறுபடி தள்ளுகிறார். மூன்றாம் முறை சக்கரம் நிற்கவில்லை.

இந்த எஞ்சின்களைச் செய்தவர்கள் ஒன்றைக் கணக்கிட்டே விளக்கின் அளவை வகுத்திருந்தார்கள். கொதிகலனின் மூட்டுகள் ஈயப் பற்றால் ஒட்டப்பட்டவை; ஏறத்தாழ 185 டிகிரி வெப்பத்தில் ஈயப் பற்று உருகத் தொடங்கிவிடும். நீர் உள்ளவரை உலோகம் 120 டிகிரியை அதிகம் தாண்டாது. நீர் வற்றினால் மூட்டுகள் விட்டுப்போகும். அதனால் நீர் தீருமுன் ஸ்பிரிட் தீர்ந்துவிட வேண்டும்.

சுடர் அணைகிறது. சக்கரம் இன்னும் சில சுற்றுகள் சுற்றிவிட்டு நிற்கிறது. மறுபடியும் ஓட்டச் சொல்லி பேத்தி கேட்கிறாள். ஆறட்டும் என்கிறார் அவர். கொதிகலனுக்குள் கொஞ்சம் நீர் மிச்சமிருக்கிறது.