உறுதியில்லாக் கடலும் உரிமையும்

கொழும்புத் துறைமுக நகரின் பொருட்டு 2014இல் தொடங்கிய பணி, 2019ஆம் ஆண்டளவில் 269 ஹெக்டேயர் நிலத்தைக் கடலிலிருந்து ‘மீட்டது’. யாரிடமிருந்து மீட்கப்பட்டது என்ற வினாவை அச்சொல் மறைத்துவிடுகின்றது. கடலடி மணலை அகழ்வது மீன்வளத்தைக் கெடுக்குமென நீர்கொழும்பு மீனவர் எதிர்த்தனர். கடலுக்கு அவர்களிடம் உறுதி இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தொழில்செய்து பெற்ற அறிவும் வழக்கமுமே அவர்தம் உரிமைக்குச் சான்று.

பலரது நன்மைக்காகச் சிலர் இழத்தல் தகுமென வாதிப்போர் உளர். அவ்வாதத்தின் குறையை மலையக வரலாறு காட்டும். தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்பயிர் நாட்டை வளர்த்தது. அதனை வளர்த்த தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோரோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்கு அக்குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. செல்வம் பெருகியமை உண்மை. அதனால் அநீதி நீதியாகிவிடவில்லை.

இழந்த வருவாய்க்குப் பணம் ஈடாகலாம். கேளாது முடிவுசெய்தமைக்கு அது ஈடாகாது. இழப்போரும் முடிவெடுப்போருள் ஒருவராய் இருக்கும்போதே தியாகம் என்னும் சொல் பொருந்தும்; அன்றேல் அது பறிப்பே.