தீர்ப்பும் கதையும்

நாவல் ஒன்று எழுதப் பல ஆண்டுகள் திட்டமிட்டேன். அத்தியாயங்களைப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுதினேன். முடிவையும் முன்னரே தீர்மானித்தேன். குடும்ப நிலத்தை ஏமாற்றிப் பறித்த தம்பி, இறுதியில் ஆதரவின்றித் தெருவில் நிற்க வேண்டும். அவன் என் உடன்பிறந்த தம்பியே என்பதை மறைப்பானேன்?

ஒரு மனிதனைக் கதையில் படைப்பவனுக்கு அவனைத் தண்டிக்கும் உரிமை உண்டா?

முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879-இல் தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டார். தம் நீதிநூல்களில் சொன்ன அறங்களைக் கதையால் விளக்குவது அவரது நோக்கம். ஆயினும் ஆண்வேடத்தில் அரசாளும் ஞானாம்பாள் வெறும் எடுத்துக்காட்டாக நிற்பதில்லை. உயிருள்ள பெண்ணாகி விடுகிறாள். ருசிய எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கி ‘அசடன்’ நாவலுக்கு முதலில் வகுத்த தலைவன் கர்வமும் மூர்க்கமும் மிக்கவன். 1867-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வரைவைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். பிறந்தவன் கள்ளமற்ற மிஷ்கின்.

அடி அண்ணாமலையில் உறவினர் இல்லத்தில் தங்கி எழுதத் தொடங்கினேன். திருவண்ணாமலை நகரில் பெரிய கோயிலின் பின்னே தோன்றும் மலை வேறு. மேற்கே இவ்வூரிலிருந்து தோன்றும் மலை வேறு. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சுற்றி வருவோர்க்கு ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் வடிவம் மாறுகிறது, மலையோ ஒன்றே. நான் என் தம்பியை ஒரே இடத்தில் நின்று பார்த்தவன்.

மூன்றாம் அத்தியாயத்தில் தந்தையின் நோய்ப்படுக்கையை எழுத நேர்ந்தது. இரவெல்லாம் அருகில் விழித்திருந்தவன் யார்? நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். விழித்திருந்தவன் தம்பி. என் திட்டத்தில் அந்த இரவுகளுக்கு இடமில்லை; அவற்றை விட்டுவிட்டாலோ கதை பொய்யாகும்.

அநீதியை மூடி மறைக்க வேண்டும் என்பதன்று. நிலம் பறிபோனது உண்மை. அதையும் எழுதத்தான் வேண்டும். திட்டமும் வேண்டியதே. ஆனால் அது கேள்வியாக இருக்கட்டும். எழுதுமுன்பே வழங்கிய தீர்ப்பாக வேண்டாம்.

ஊதாரி மகன் உவமையில், மூத்தவன் விருந்துக்குள் சென்றானா என்பதை லூக்கா சொல்லவில்லை. தந்தை வெளியே வந்து அழைக்கிறார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. தெருவில் நிற்பவன் தம்பி என்றல்லவா நான் எழுதி வைத்திருந்தேன்?

என் கடைசி அத்தியாயம் இன்னும் வெற்றுத்தாளாகவே இருக்கிறது. அதை எழுதுமுன் தம்பிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.