தண்டனைக்குப் பிறகு ஒரு கோயில்

அண்ணாமலையில் சோதிப்பிழம்பாய் நின்ற சிவனின் முடியைக் கண்டதாகப் பிரம்மா பொய் சொன்னார். தாழம்பூ அதற்குச் சாட்சி சொன்னது. பிரம்மாவுக்குத் தனிக்கோயில் வழிபாடு இல்லை, தாழம்பூ சிவபூசைக்கு ஆகாது என்பது தீர்ப்பு. கதை அத்துடன் முடிந்ததாகவே பலரும் நினைக்கிறோம். ஆனால் மலைக்குப் பின்புறம், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக் கோயிலின் லிங்கத்தை நிறுவியவர் அதே பிரம்மா என்கிறது தலமரபு. வணங்கப்படும் பெருமை போனது. வணங்கும் உரிமை போகவில்லை.

தண்டனைக்குப் பின்னும் வழி திறந்திருக்கும் என்ற இந்தப் பார்வை வேறொரு மரபிலும் உண்டு. எபிரேயத் தீர்க்கதரிசி எரேமியா தீர்ப்பைச் செயலால் காட்டியவர். எருசலேமின் மூப்பர்கள் கண்ணெதிரே மண் கலயத்தை உடைத்து, நகரமும் இப்படியே நொறுங்கும் என்றார். உடைந்த கலயம் ஒட்டாதே, பிறகு மீட்சிக்கு இடமேது என்று கேட்கலாம். விடை அவருடைய இன்னொரு செயலில் இருக்கிறது. பாபிலோன் படை நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், காவலில் இருந்தபடியே ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கினார். கிரயப் பத்திரம் நெடுநாள் கெடாதிருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். கி.மு. 586 வாக்கில் நகரம் விழுந்தது, தீர்ப்பு பொய்க்கவில்லை. ஆயினும் மக்கள் மீண்டும் அங்கே வீடும் வயலும் வாங்குவார்கள் என்பதற்கு அந்தப் பத்திரமே அடையாளம்.

ஒன்று தலபுராணம், மற்றது வரலாற்றோடு பிணைந்தது, ஒப்பிடலாமா? நிகழ்ச்சிகள் வேறு; நீதி பற்றிய பார்வை ஒன்றே. பொய்யை மூடி மறைக்காத கண்டிப்பும், திருந்துவதற்கு விடும் வழியும் சேர்ந்தால்தான் தீர்ப்பு தெய்விகமாகிறது. பிறர் தவறைக் கண்டியுங்கள். அவர் திரும்பி வரும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.