யந்திரமும் சிரத்தையும்

செய்யும் தொழிலையே ஈசுவர ஆராதனையாகக் கொள்ளலாம் என்று கீதை போதிக்கிறது. அத்தொழிலில் பாதியை மின்சார மோட்டார் செய்துவிடுமானால் ஆராதனையிலும் பாதி குறைந்துபோகிறதா என்பது நம் காலத்தவர் தட்டிக்கழிக்க இயலாத கேள்வி. ஆலைகளை முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய்ந்தவர் பலர். ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொள்ளும் சிறிய தச்சு யந்திரத்தை முன்னிறுத்தி அதை ஆராய விரும்புகிறேன். கூலியும் லாபக் கணக்கும் விலகிவிட்ட அவ்விடத்தில் மனிதனும் மரமும் யந்திரமும் மட்டுமே எஞ்சுவதால், உண்மை அங்கே தெளிவாகப் புலப்படும்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர், இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின் கலிபோர்னியாவில் அமைத்த ‘ஷாப்ஸ்மித்’ என்னும் கூட்டு யந்திரம் 1947-ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தது. தனித்தனி யந்திரங்களை வாங்கப் பொருளும் நிறுத்த இடமும் இல்லாத இல்லறத்தாருக்கு, இரண்டு குழாய்களின் மீது நகரும் ஒரே மோட்டாரைக் கொண்டு ஐந்து வேலைகளைச் செய்யும் வழியை அது காட்டிற்று. வட்ட ரம்பத்தைப் பூட்டினால் பலகை அறுக்கலாம். மரத்தை இரு முனைகளுக்கிடையே பிடித்தால் கடையலாம். உப்புத்தாள் ஒட்டிய தட்டை மாட்டினால் தேய்க்கலாம். துளையூசியைப் பொருத்தினால் பக்கவாட்டில் துளையிடலாம். குழாய்களை அப்படியே செங்குத்தாக நிமிர்த்திவிட்டால் மேலிருந்து கீழாகவும் துளையிடலாம். ஆயினும் ஒரு வேளையில் ஒரு வேலைதான்.

1909-இல் எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் யந்திர நாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்த காந்தியடிகள், 1924-இல் தையல் யந்திரத்துக்கு விலக்களிக்க இசைந்தார். தனி மனிதனின் சிரமத்தைக் குறைத்து, அவனுடைய அங்கங்களைச் செயலற்றுப்போக விடாத யந்திரத்தை அவர் வெறுக்கவில்லை. கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் மறைந்த ஆனந்த குமாரசாமியோ இன்னும் நுட்பமாகப் பகுத்தார்: கம்பளம் நெய்யும் கைத்தறி கருவியே, விசைத்தறி யந்திரம், தொழிலில் மனிதனுக்கே உரிய பகுதியைப் பின்னது தானே எடுத்துக்கொள்வதால் அது பண்பாட்டை அழிக்கிறது என்பது அவர் கருத்து.

இந்த உரைகல்லில் நம் கூட்டு யந்திரத்தை உரைத்துப் பார்ப்போம். ரேகை எப்பக்கம் ஓடுகிறது, கணுவை எங்கே ஒதுக்குவது, எந்த முகம் வெளியே தெரியவேண்டும் என்பவற்றுள் ஒன்றையும் மோட்டார் அறியாது. அதுமட்டுமன்று, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முந்தைய அமைப்பைக் கலைத்தாக வேண்டியிருப்பதாலும், கலைத்த அமைப்பை மயிரிழையும் பிசகாமல் மீண்டும் கொண்டுவருவது அரிதாதலாலும், ஒரு முக்காலி செய்யத் தொடங்குபவர் அதன் மூன்று கால்களையும் சட்டங்களையும் முதல் அறுப்புக்கு முன்பே மனத்தில் முழுமையாகக் கண்டுவிட வேண்டும். ஒரே அளவுள்ள துண்டுகளையெல்லாம் ஒரே அமைப்பில் அறுத்து முடித்த பின்னரே துளையிடப் புகவேண்டும். வைதிக கர்மங்களின் முன்னால் சங்கல்பம் செய்துகொள்ளும் மரபு நமக்குண்டு. செய்யப்போவது இன்னதென்று தெளிந்து, மனத்தை அதில் நிறுத்தியபின் கையை நீட்டும் அந்த ஒழுங்கை இந்த யந்திரமும் தன் இயல்பினால் வேண்டி நிற்கிறது.

பின்னாளில் வந்த ‘மார்க் 5’ என்னும் அமைப்பில் வேறொரு படிப்பினையும் உண்டு. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 700 சுற்று முதல் 5,200 சுற்று வரை வேகத்தை மாற்ற அதில் ஒரு திருகு இருக்கிறது. மோட்டார் ஓடும்போதுதான் அதைத் திருப்பலாம். பலகை அறுக்க உகந்த வேகத்திலேயே விட்டுவிட்டு, மறுநாள் சீர்படாத பெரிய மரக்கட்டையைக் கடையப் பூட்டி விசையை அழுத்தினால், கட்டை பிடியை விட்டுப் பாய்ந்து ஆளையே தாக்கக்கூடும். ஆகையால் விவேகமுள்ளவர், அன்றைய வேலை முடிந்ததும் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்த பின்னரே யந்திரத்தை நிறுத்துகிறார். முடிந்துபோன வேலைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இனி வரும் வேலைக்காக, ஒருவேளை அதைச் செய்யப்போகும் வேறொரு மனிதருக்காக, இன்றே செய்துவைக்கும் கடமை அது. பலனில் பற்றின்றிக் கர்மத்தைச் செய்வதென்றால் என்னவென்று கேட்பவருக்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

மாற்றிப் பூட்டுவதிலேயே பொழுது கழிகிறது என்பது இவ்வகை யந்திரங்களின் மீது சொல்லப்படும் பிரதானக் குறை; பிழைப்புக்காகத் தொழில் செய்யும் தச்சருக்கு அது நியாயமான குறையும்கூட. ஆனால் அந்த இடைவெளியைப் பகையாகக் கருதி, முடிந்த பொருளையே நினைந்து பதைப்பவன் கையில் உளியைக் கொடுத்தாலும் அவனுக்கு யோகம் சித்திப்பதில்லை. யந்திரம் எவருக்கும் சிரத்தையை அளிப்பதில்லை; சிரத்தைக்குச் சந்தர்ப்பம் அளிக்கலாம், அல்லது அதைப் பறிக்கலாம்.

எனவே, நம் உடலுழைப்பில் எவ்வளவைக் குறைக்கிறது என்று மட்டும் ஒரு யந்திரத்தைக் கேட்பது போதாது. திட்டமிடும் பொறுப்பையும், பொருளின் குணத்தை அறியும் கண்ணையும், பிறர் நலம் நாடும் எச்சரிக்கையையும் நம்மிடமே விட்டுவைக்கிறதா என்று கேட்கவேண்டும். விட்டுவைக்குமாயின் மோட்டார் ஓடும் கொட்டகையிலும் ஆராதனை குறைவற நடைபெறலாம். தோளின் பாரம் குறைந்தவனுக்கு மனத்தை ஊன்ற முன்னிலும் அதிக அவகாசம் உண்டு, அந்த அவகாசத்துக்கு அவனே பொறுப்பாளி.