சுண்டெலிக்குப் பட்ட கடன்

ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரை நோயுறச் செய்யலாமா? பழைய கேள்விதான். புற்றுநோய் ஆய்வு அதனைப் புதிதாக நம்முன் வைக்கிறது.

நோயாளியின் உடலிலிருந்து அறுத்தெடுத்த கட்டியின் சிறு துணுக்கை, நோய் எதிர்ப்பாற்றல் அற்ற சுண்டெலியின் உடலில் பதித்து வளர்க்கிறார்கள். அயல் சதையைத் தள்ளும் வலிமை அதற்கு இல்லாமையால் மனிதனின் கட்டி அங்கே வேரூன்றுகிறது. பிறகு அந்த எலிக்கு மருந்தைக் கொடுத்துக் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். 1969-இல் கோபன்ஹேகனில் மனிதக் குடற்புற்று உரோமமற்ற சுண்டெலியில் வளர்க்கப்பட்டது முதல் இம்முறை பரவிற்று. மும்பையை அடுத்த கார்கரில், டாட்டா நினைவு மையத்தின் ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய எலிகள் பேணப்படுகின்றன. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியின் புற்றோ எளிதில் இணங்குவதில்லை. பதித்தவற்றுள் பெரும்பகுதி பற்றாமற் போகும். பற்றியதும் வளர மாதக்கணக்கில் ஆகும். ஒரு கட்டி நிலைபெறுமுன் பல எலிகள் மடிகின்றன.

பயன் இல்லாமலில்லை. 1977-இல் அமெரிக்க நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிய புற்றணுக்களின் வழித்தோன்றல்களை எலிகளில் வளர்த்தே 'என்சலூட்டமைடு' என்னும் மருந்தைச் சோதித்தார்கள். 2009-இல் முடிவு வெளியாயிற்று. 2012-இல் அமெரிக்கா அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. முற்றிய நோயிலும் பலருக்கு அது ஆயுளை நீட்டித்திருக்கிறது.

திருச்சபை என்ன சொல்கிறது? நியாயமான எல்லைக்குள் நின்று, மனித உயிரைக் காக்க உதவுமாயின் விலங்குகள்மீது ஆய்வு செய்யலாம் என 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு ஏற்கிறது. தேவையின்றி அவற்றை வதைப்பது மனித மாண்புக்கே முரண் என்றும் உடனே எச்சரிக்கிறது. விலங்கை வதைப்பவன் நெஞ்சு மனிதரிடமும் கடினமாகிவிடும் என்பது புனித தோமா அக்குவினாஸ் காட்டிய காரணம். நமக்கு அது மட்டும் போதுமானதாகத் தோன்றவில்லை. பட்டிப்பொங்கலன்று கட்டுத்தரையில் பொங்கலிட்டு மாட்டுக்கு ஊட்டும் கொங்கு உழவர், தம் நெஞ்சை இளக வைக்கவா ஊட்டுகிறார்? அதன் உழைப்பை உண்டதால் ஊட்டுகிறார். ஏரில் பூட்ட உரிமை உண்டு என்பதால் கடன் இல்லை என்று அவர் எண்ணுவதில்லை. யோனா நூலும் நினிவே மக்களோடு அந்நகரின் கால்நடைகளையும் இறைவன் எண்ணிப் பார்ப்பதில்தான் முடிகிறது.

ஆய்வுக்கூட எலிக்குப் பொங்கலிடுவார் இல்லை. அக்கடனை எப்படித் தீர்ப்பது? வலியைக் குறைப்பது முதற்கடமை. அதற்கென 1998-இல் நம் நாட்டில் விதிகள் வந்தன. எலியின்றியே அறியக்கூடியதை எலியின்றி அறிவது அடுத்தது. 2023-இல் திருத்திய மருந்து விதிகள் அதற்கு வழி திறந்துள்ளன.

மூன்றாவது கடமையை நாம் எளிதில் மறக்கிறோம். மனித உயிரைக் காக்க என்று சொல்லித்தானே அந்த உயிரைப் பலிகொண்டோம்? மருந்து ஏழைக்கு எட்டாவிடில் நாம் சொன்ன காரணமே பொய்யாகிறது. 2016-இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் இம்மருந்துக்குக் காப்புரிமை மறுத்தது, வழக்கும் தொடர்ந்தது. பின்னர் இந்திய நிறுவனங்களின் மாத்திரைகள் குறைந்த விலைக்கு வந்தன. ஆயினும் மாதந்தோறும் வாங்குவது கூலிக் குடும்பத்துக்குப் பாரமே. ஆகவே மருந்தின் விலையை வணிகக் கணக்காக மட்டும் பார்க்க நம்மால் இயலாது.

வேறொரு வீணும் உண்டு. தாராபுரத்திலோ அவிநாசியிலோ ஒரு பெரியவர் இரவில் ஐந்தாறு முறை எழுந்து அவதிப்படுவார். பிள்ளைகளிடம் சொல்லக் கூசுவார். கேட்டால், "வயசானா அப்படித்தான்" என்பார். அது எப்போதும் புற்று அன்று; ஆனால் அன்று என்று மருத்துவரன்றோ சொல்ல வேண்டும்? நோய் எலும்பில் பரவிய பின் கோவை மருத்துவமனைக்கு வருபவருக்கு, எத்தனை உயிர்கள் மடிந்து கிடைத்த அறிவும் பாதியே பயன்படும். நம் இல்லங்களில் தந்தையரை, பாட்டனாரைக் கூச்சமின்றிக் கேட்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மருந்து வாங்க இயலாதவருக்குப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை கைகொடுக்கட்டும். பெயரில்லாச் சிற்றுயிருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கை இங்கேயே செலுத்தலாம்.